எலி கொடுத்த நற்சான்று

மனிதகுலத்துக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், பன்னிரண்டு ஆண் எலிகளின் விந்தணு எண்ணிக்கை இரண்டு மடங்காகிவிட்டது. மூலிகைச் சாற்றிலுள்ள ஆன்டிஆக்சிடன்ட்தான் காரணம் என்று ஆராய்ச்சிக்கூட இயக்குநர் மேடையில் முழங்கினார். பூச்செண்டு கொடுத்தார்கள். மைக்ராஸ்கோப்பில் கண் வலிக்க வலிக்க அந்த அணுக்களை எண்ணிய பெண், கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள்.

இரண்டே மாதத்தில் அந்தச் செய்தி பொடியாகி, டப்பாவில் அடைபட்டு, அவள் வீட்டுச் சமையலறைக்கே வந்து சேர்ந்தது. டப்பாமேல் கிரீடம் வைத்த எலி. வாங்கி வந்தவன் அவள் கணவன், தண்ணீர் மோட்டார் மெக்கானிக். பெட்ரோல் பங்க் மீட்டர், கடைக்காரர் தரும் பேரிங், வானிலை அறிக்கை என்று சகலத்தையும் சந்தேகப்படுகிறவன். கல்யாணமாகி நாலு வருடமாகக் குழந்தை இல்லையே, அதில் மட்டும் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. குறை அவளிடம்தான். அவளுடைய பரிசோதனை ஃபைல் தலையணை உயரம் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் 'நார்மல்'. அவனுடைய ஃபைல் இன்னும் பிறக்கவில்லை.

"இன்னும் ஆறு மாசம் பாப்பேன். அப்புறம் எம் புள்ளைக்கு வேற எடம் பாக்க வேண்டியதுதான்" என்று மாமியார் கெடு வைத்திருந்தாள்.

அன்று காலை அவன் பொடியைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, கொறை என்கிட்டன்னா பொடி எதுக்கு உங்களுக்கு?"

"சும்மா, சத்துக்கு."

"மூணாவது டப்பா இது."

"உங்க ஆபீஸ் எலிதானே? டைரக்டர் என்ன பொய்யா சொல்வாரு?"

"பொய் சொல்லல, பாதிய சொன்னாரு. அந்த எலிங்க நல்லாத்தான் இருந்துச்சு. நாங்கதான் ஒரு ரசாயனத்த குடுத்துக் கெடுத்தோம், அப்புறம் மூலிகைய குடுத்தோம். எதனால கெட்டுதுன்னு எங்களுக்குத் தெரியும். உங்களுக்கு எதனாலன்னு யாருக்குத் தெரியும்?"

ஸ்பூன் நின்றது.

"கழட்டிப் பாக்காம மோட்டார்ல ஆயில ஊத்துற மெக்கானிக்க என்னன்னு சொல்வீங்க?"

"ஃபிராடுன்னு" என்றான், டப்பாவைப் பார்த்தபடி.

கூடத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்: "அதெல்லாம் கெடக்கட்டும். அந்த எலிங்களுக்கு எத்தன குட்டி பொறந்துச்சு?"

"ஒண்ணுகூட இல்ல அத்தை. ஜோடியே சேக்கல. அணுவ எண்ணணும்னா எலிய அறுக்கணும். அறுபதாம் நாள் பன்னெண்டையும் அறுத்துட்டோம்."

மாமியார் எழுந்து வந்தாள். டப்பாவை வாங்கி, கிரீடம் வைத்த எலியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"ஒரு எலியக்கூட நாங்க சோதிக்காம விட்டதில்ல, அத்தை" என்றாள் மருமகள். "கொழந்த இல்லன்னா ரெண்டு பேரும் சோதிச்சுக்கணும். அதுக்கு முன்னாடி பொண்டாட்டி மேல பழி போடறதும் தப்பு, டப்பாவ நம்பறதும் தப்பு."

"நாளைக்கே இவனக் கூட்டிட்டுப் போ" என்றாள் மாமியார்.

மூன்றாம் நாள் அவனுக்கும் ஒரு ஃபைல் பிறந்தது. அதில் 'நார்மல்' என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.