முன்வரிசைப் பூச்சட்டி

ஈஸ்டர் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு லுத்தரன் ஆலயத்தின் வாசலில் மூன்று பைகளோடு வந்து இறங்கிய போட்டோக்காரனுக்குச் சபைத் தலைவர் வணக்கம் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

"ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன்."

"ஆறரைன்னு சொன்னீங்க சார்."

"ஆறரைன்னா ஆறுக்கு வந்து நிக்கணும். அதான் ஒழுங்கு."

போட்டோக்காரன் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டான். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, இல்லாத முடியைப் படிய வாரி, பட்டாளத்தை நடத்துகிறவர் போல நின்ற அந்த மனிதருக்கு அவன் மாப்பிள்ளை. ஆறு வருடமாக மாப்பிள்ளை. அது அவருக்குத் தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம் அவர்தான். இளைய மகள் ஒரு போட்டோக்காரனைப் பதிவு அலுவலகத்தில் கட்டிக்கொண்டாள் என்று கேட்ட அன்றே, அவன் மூஞ்சியைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல் தவறாத மனிதர். கல்யாணப் படங்களை ஒரு கவரில் போட்டு அனுப்பினார்கள். கவர் மேல் சிவப்பு மையில் 'பார்க்கவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். கவருக்குள் மூன்று படங்கள் இருந்தன.

"நாலு வெச்சேன்," என்றாள் மனைவி.

"மூணுதான் வெச்சிருப்ப. உனக்கு எண்ணத் தெரியாது."

"நாலு வெச்சேன். அம்மா ஒண்ணு எடுத்திருக்கா."

இந்த ஒரு வழக்கு ஆறு வருடமாக அந்த வீட்டில் தீர்ப்பு இல்லாமல் நடக்கிறது. அந்த அம்மா இத்தனை வருடத்தில் ஒரு போன் பண்ணவில்லை, ஒரு வரி எழுதவில்லை. அவள் படத்தை எடுத்து வைத்திருக்கிறாளாம்! போட்டோக்காரன் கணக்கில் அப்பன் கல் என்றால் அம்மா கல்லுக்கு அடித்த சுண்ணாம்பு. ஆனால் இதை மனைவியிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் கிடையாது.

ஆலயத்துக்கு வழக்கமாகப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரருக்குக் கண்ணில் ஆபரேஷன். அவர் இந்த வேலையை இவனிடம் தள்ளிவிட்டார். எந்தச் சபை என்று கேட்டதும் இவன் மாட்டேன் என்றான். மனைவிதான் போகச் சொன்னாள். "பூவை எடு, பாதிரியை எடு, யாரை வேணா எடு. எனக்கு அம்மாவ ஒண்ணு எடுத்துட்டு வா. நேரா பாக்குற மாதிரி." கட்டின துணியோடு கிளம்பி வந்தவள். அம்மா முகம் அவளிடம் ஒரு காகிதத்தில்கூடக் கிடையாது. அதனால்தான் வந்தான்.

உள்ளே ஜோடனை முடிந்திருந்தது. பெரிய வெள்ளிக்குப் பீடத்தில் போட்ட கறுப்புத் துணியை எடுத்துவிட்டு வெள்ளையும் தங்க ஜரிகையுமாக விரித்திருந்தார்கள். ஆளுயர மெழுகுவத்தி. பிரசங்க மேடைக்குப் பின்னால் கண்ணாடி ஜன்னலில் வெள்ளை ரோஜா, அதற்குள் சிவப்பு இதயம், அதற்குள் கறுப்புச் சிலுவை. அது மட்டும் அழகாகத்தான் இருந்தது. ஏனென்றால் அதில் யார் பெயரும் எழுதவில்லை.

மற்ற எல்லாவற்றிலும் எழுதியிருந்தது. பீடத்தின் முன் படிப்படியாகப் பலகை கட்டி, லில்லிச் சட்டிகளை அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு சட்டியும் ஒரு குடும்பம் செத்துப்போன தன் ஆளின் நினைவாகக் கொடுத்தது. யார் நினைவாக, யார் கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றிலும் அச்சடித்த அட்டை. செத்தவரைவிடக் கொடுத்தவருக்கு எழுத்து பெரிது. சில அட்டைகளுக்குப் பின்னால் பூ இருக்கிறதா என்று எட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"ஒவ்வொரு அட்டையும் தெளிவா விழணும்," என்றார் தலைவர். "சபையோட நூற்றாண்டு மலர்ப் புத்தகத்துல வரப்போகுது. பின்னாடி ரெண்டு வரிசை பிளாஸ்டிக். அது தெரியக் கூடாது."

"பிளாஸ்டிக்னா தெரியத்தானே சார் செய்யும்?"

"கம்ப்யூட்டர்ல எதாவது பண்ணு. அதுக்குத்தானே உன்னக் கூப்பிட்டது."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஓர் அம்மாள் பிளாஸ்டிக் லில்லிகளுக்கு சென்ட் அடித்துக்கொண்டு போனாள். போட்டோவில் வாசனையும் விழும் என்று நினைத்தாளோ என்னவோ. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைத் தலைவர் விரலால் காட்டினார். "இந்த மாதிரி ஆளுங்க படத்துல வந்தா கட் பண்ணிடு."

பீடத்துக்கு இடப்பக்கம் மரச் சிலுவையில் கம்பி வலை கட்டி, அதில் பூச்செருகிக்கொண்டிருந்தாள் குள்ளமான ஒரு பெண்மணி. போட்டோக்காரனைத் திரும்பிப் பார்த்தவள் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே விட்டாள். அவன் குனிந்து எடுத்துக் கொடுத்தான். அந்த மூக்கைப் பார்த்ததும் அவனுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. அதே மூக்கைத்தான் அவன் தினமும் வீட்டில் பார்க்கிறான்.

"சாப்பிட்டீங்களா தம்பி?" என்றாள்.

"ஆச்சும்மா."

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

கூலிக்கு வந்த போட்டோக்காரனிடம் யாரும் கேட்காத கேள்வி. "எல்லாரும்னா ஒருத்திதாம்மா. நல்லா இருக்கா," என்றான்.

அவள் சிலுவைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் கேமராவைத் தூக்கினான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கவாட்டில் போனான், முதுகைக் காட்டினாள். பெரிய இடத்து அம்மா, கண்டவன் படம் எடுக்க விடமாட்டாளாக்கும் என்று அவனுக்குக் கசந்தது.

அப்புறம் அவள் செய்ததுதான் விசித்திரம். முன்வரிசை நடுவிலிருந்து ஒரு லில்லிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய், ஆர்கனுக்குப் பக்கத்துத் தூணின் பின்னால் வைத்தாள். இருப்பதிலேயே நல்ல சட்டி அது. ஒரு நிமிடத்தில் தலைவர் பார்த்துவிட்டார்.

"வருஷா வருஷம் இதே வேலையா உனக்கு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு போய், தானே தூக்கி வந்து பழைய இடத்தில் நங்கென்று வைத்தார். "இங்கதான் இருக்கணும். இத முதல்ல எடுப்பா."

போட்டோக்காரன் மண்டியிட்டு ஃபோகஸ் பண்ணினான். அட்டையில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

'எங்கள் இளைய மகளின் அன்பு நினைவாக. சபைத் தலைவர் குடும்பத்தார்.' அதற்குக் கீழே, 'கர்த்தருக்குள் நித்திரையடைந்த நாள்: ஆகஸ்ட் 11.' வருடமும் போட்டிருந்தது.

இன்னொரு முறை படித்தான். அது அவனுடைய கல்யாண நாள்.

இன்று காலை அவனுக்கு காபி போட்டுக் கொடுத்து, லென்ஸ் துடைக்கும் துணியை மறந்துவிட்டான் என்று வாசல் வரை ஓடி வந்தவள் அவள். அவளைத்தான் இங்கே நித்திரையடைய வைத்திருக்கிறார்கள். அந்த ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி இரவு அவர்கள் இருவரும் தூங்கவே இல்லை. வாடகை அறையில் மின்விசிறி ஓடவில்லை. விடிய விடிய மொட்டை மாடியில் உட்கார்ந்து, அம்மா கோபம் எத்தனை நாளில் ஆறும் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறான். உயிரோடு இருக்கிற பெண்ணைப் பூச்சட்டியில் புதைப்பதை இன்றுதான் பார்க்கிறான். முதல் படம் ஆடிப்போய் வந்தது. இருபது வருடத் தொழிலில் அவன் கை ஆடியதில்லை.

எட்டு மணிக்கு ஆராதனை தொடங்கியது. தவக்காலத்து நாற்பது நாளும் வாயில் வராமல் வைத்திருந்த அல்லேலூயாவைச் சபை அன்று கூரை பிய்ந்துபோகிற மாதிரி பாடியது. எல்லாரையும்விடத் தலைவர் அரை சுருதி உயரத்தில் பாடினார். போதகர் நல்ல மனிதர். அதாவது யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். கல்லறைக்குப் போன பெண்களிடம் தூதன் கேட்டதை எடுத்துக்கொண்டு, உயிரோடிருப்பவரைச் செத்தவர்கள் மத்தியில் போய்த் தேடலாமா என்று உருக்கமாகப் பேசினார். தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். இரண்டு தரம் ஆமேன் போட்டார்.

பிறகு அதே போதகர், அதே வாயால், லில்லிப் பட்டியலை வாசித்தார். ஒவ்வொரு செத்தவருக்கும் ஒரு விநாடி மௌனம். "சபைத் தலைவர் குடும்பத்து இளைய மகள்," என்ற வரியை மட்டும் சூடான எதையோ விழுங்குகிறவர் மாதிரி அவசரமாக விழுங்கினார். சபை மொத்தமும் தலை குனிந்தது. அவள் சாகவில்லை என்று தெரியாத ஒருத்தர் அந்த இருநூறு பேரில் கிடையாது. அவளுக்கு ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஊர் வாய்க்கு ஒரு லில்லிச் சட்டி போதுமாக இருந்தது. தலைவர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றினார். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்கூடக் கைக்குட்டை வைத்துக்கொள்ளவில்லை.

அவர் பக்கத்தில் அந்த அம்மா தலை குனியவில்லை. பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். போட்டோக்காரன் தூரத்திலிருந்து பெரிய லென்ஸைத் திருப்பினான். புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்ததும் குடும்பம் குடும்பமாகத் தங்கள் சட்டியோடு நின்று படம் எடுக்கும் சடங்கு. தன் தாத்தாவுடையதைவிட அடுத்தவன் பாட்டனுடைய லில்லி இரண்டு விரல் உயரம் என்று ஒரு வீட்டில் சண்டை. ஒருவர் கண் மூடிவிட்டது என்று ஐந்து முறை எடுக்க வைத்தார். இவ்வளவு பேரையும் சிரிக்கச் சொல்லி எடுத்துக்கொண்டே போட்டோக்காரன் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தான். அவளிடம் என்ன படத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது?

கடைசியில் தலைவர் வந்து நின்றார், கூட அம்மா. தலைவர் சட்டி மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, நூற்றாண்டு மலருக்கு ஏற்ற ஒரு புன்னகையை வரவழைத்தார்.

"சீக்கிரம்ப்பா. சாப்பாட்டுக்கு ஆளுங்க காத்திருக்காங்க."

போட்டோக்காரன் கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை எடுத்தான்.

"சிரிக்காதீங்க மாமா. செத்த பொண்ணு சட்டி பக்கத்துல நிக்கிறவரு சிரிச்சா நல்லாவா இருக்கும்?"

புன்னகை அப்படியே நின்றது. "யாருக்கு யாருய்யா மாமா?"

"எனக்கு நீங்கதான். ஆறு வருஷம் முன்னாடி கவர்ல அனுப்புனோமே, பிரிச்சுப் பாத்திருந்தா மூஞ்சி தெரிஞ்சிருக்கும். இந்த அட்டைல போட்ட தேதிக்குத்தான் எங்க கல்யாணம். உங்க பொண்ணு காலைல எனக்கு காபி போட்டுக் குடுத்தா. செத்தவ போட்ட காபின்னாலும் நல்லாத்தான் இருந்துச்சு."

பக்கத்தில் யாரோ இருமினார்கள். சென்ட் அம்மாள் தன் சட்டியைக் கீழே வைத்தாள். போதகர் உடுப்பு மாற்றும் அறைக்குள் அவசர வேலை இருப்பது போலப் போய்விட்டார். தலைவர் முகம் அவருடைய பீடத் துணியைவிட வெளுத்தது.

"இவன வெளிய அனுப்புங்க! எவனோ குடிச்சிட்டு வந்து..."

"எவனோ இல்ல," என்றாள் அம்மா.

பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். உள்ளே ஒரு படம். பதிவு அலுவலகப் படிக்கட்டில் மகள் நிற்கிறாள். டைமரை அழுத்திவிட்டு ஓடி வந்து நின்ற மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். ஓரமெல்லாம் தேய்ந்துபோன படம். போட்டோக்காரன் அதைப் பார்த்தபடி அதே மாதிரி வாயைப் பிளந்தான்.

"இதே வாய்தான்," என்றாள். "காலைல பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. நேரா பாத்தா அழுதுடுவேன்னுதான் தம்பி ஓடி ஓடி ஒளிஞ்சேன். ஆறு வருஷமா இவருக்குப் பயந்தேன். சட்டிய தூணுக்குப் பின்னாடி நகத்தி வெக்கிறதத் தவிர எனக்கு ஒண்ணும் பண்ணத் தெரியல."

அவள் குனிந்து அட்டையைச் சட்டியிலிருந்து பிடுங்கினாள். இரண்டாக மடித்துக் கணவரின் சட்டைப் பையில் செருகினாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. சட்டியை இடுப்பில் குழந்தை மாதிரி ஏற்றிக்கொண்டு, கேமராவுக்கு நேராக வந்து நின்றாள்.

"இப்ப எடுங்க மாப்பிள்ளை."

எடுத்தான். கை ஆடவில்லை.

சட்டியையும் அவனிடமே கொடுத்தாள். தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டாமாம், மண் காய்ந்தால் மட்டும் போதுமாம். வாசலில் தரை துடைத்த பெண் மூன்று பைகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு தெரு வரை கூட வந்தாள். சபையில் வேறு யாரும் அசையவில்லை. நூற்றாண்டு மலருக்கு அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தவன், முதலில் தலைவரைத் தோளோடு சேர்த்து வெட்டி எறிந்தான். சட்டைப் பையும் அட்டையும் அவரோடு போயின. கட் பண்ணச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தானே. அந்த அட்டை விஷயத்தை இந்த ஜென்மத்தில் மனைவியிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டு அவளைக் கூப்பிட்டான்.

அவள் வந்து நின்றாள். திரையில் அம்மா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் நிறைந்து, உதடு துடிக்க. ஒரு கையில் லில்லிச் சட்டி. இன்னொரு கையில் பாட்டுப் புத்தகமும் அதன் மேல் விரலால் அழுத்திப் பிடித்த ஒரு சின்னப் படமும். மனைவி அந்தச் சின்னப் படத்தின் மேல் விரலை வைத்தாள். வாயைப் பிளந்து நின்ற அவனைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி, பக்கத்தில் வாயைப் பிளந்து நின்ற அவனைப் பார்த்தாள்.

அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. ஆனால் குரலில் ஆறு வருடக் கோபம் அத்தனையும் இருந்தது.

"எனக்கா எண்ணத் தெரியாது?"