மிராசுதார் கார் ஹாரன்

உச்சவரம்புச் சட்டம் வந்ததும் நாய்க்கும் பூனைக்கும் நிலத்தைப் பினாமி எழுதிவிட்டு மிராசுதார் பட்டணம் போனார். ஓட்டாமல் அவர் விட்டுப்போன பழைய கார், பண்ணையாள் முருகையன் வாசலுக்கு வந்தது. இறைப்புக்கு எஞ்சின், மாட்டுவண்டிக்குச் சக்கரம் என்று எல்லாம் கழற்றியாயிற்று. பெண்டாட்டி அம்சத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு தரம் பூம்புகார் கடல்வரை போகும் ஆசை மட்டும் கழலவில்லை. மிச்சமிருந்த ரப்பர் ஹாரனைக் கழற்றுமுன், சீட்டில் உட்கார்ந்து, அவளைக் கூப்பிடுவதுபோல் அழுத்தினான்.

பாம்! பாம்!

தண்ணீர்க் குடத்தோடு சாலையில் வந்துகொண்டிருந்த அம்சம், சட்டென்று வாய்க்காலில் இறங்கித் தலைகுனிந்து நின்றாள். அந்தச் சத்தத்துக்குப் பண்ணைச் சனம் காலமெல்லாம் அப்படித்தான் நின்றது.

"அடியே, நாந்தான்!"

"தெரியுதுங்க," என்றாள், நனைந்த சேலையோடு. "இந்தக் காலுக்குத்தான் தெரியலை."