மாலை ஆறு மணி ஹோர்ன்

இதில் எவ்வளவு நான் கண்டது, எவ்வளவு கேட்டது என்று இப்போது பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. எங்கள் தெருவில் சிறுவயதில் கேட்ட அந்தக் கார் ஹோர்ன் சத்தம் காதில் இருக்கிறது. ஆனால் அது எழுபத்தாறாம் ஆண்டா, எழுபத்தேழா என்று கேட்டால் தடுமாறுவேன். காரின் நிறத்தை நான் சாம்பல் என்பேன், என் தங்கை பச்சை என்பாள். மற்றதெல்லாம் இஞ்ஞாசி கிளாக்கர் பிற்காலத்தில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னவை. அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் இடையில் பஸ் இரண்டு தரிப்பிடம் தாண்டிவிடும். அந்த இடைவெளிகளில் நானே எதையாவது போட்டு நிரப்பியிருக்கவும் கூடும்.

இஞ்ஞாசி மாத்தளைக்கு வெளியே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் ஸ்டோர் கிளாக்கர். மனைவி டொறீன் கன்னியாஸ்திரிகளின் பாடசாலையில் தையல் டீச்சர். பிள்ளைகள் இல்லை. இஞ்ஞாசியிடம் ஒரு குணம் இருந்தது. எதையும் ஆசையாகத் தொடங்குவார், பாதியில் விட்டுவிடுவார். வீட்டின் பின்னால் கம்பிவலை அடிக்காத கோழிக்கூடு ஒன்று நின்றது. அலுமாரியின் மேல் இரண்டே நரம்போடு ஒரு வயலின். சுருக்கெழுத்துப் புத்தகத்தில் பதினோராம் பாடத்தோடு பென்சில் கோடு நின்றுபோயிருந்தது. டொறீன் இவற்றைச் சனிக்கிழமைதோறும் தூசி தட்டி வைப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லாததுதான் அவரைக் குத்தியது.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருடம் வெள்ளைக்காரப் பெரிய தொரை கப்பலேறினார். பங்களா கராஜில் பத்து வருடமாக ஓடாமல் கிடந்த ஒஸ்டின் காரை இஞ்ஞாசிக்கு விட்டுவிட்டுப் போனார். தோட்டத்து ட்ரக்டரில் கட்டி இழுத்து வந்து, வீட்டுப் பக்கவாட்டில் நாலு கல்லடுக்கின் மேல் ஏற்றினார்கள். சக்கரங்களைக் கழற்றி இஞ்ஞாசி கட்டிலின் கீழே உருட்டி வைத்தார்.

"இத முடிச்சிருவேன்," என்றார் அன்று சாப்பிடும்போது.

"ஆமாங்க. கோழியெல்லாம் ஏறிப் போகலாம்," என்றாள் டொறீன், குழம்பை ஊற்றிக்கொண்டே.

அவர் சோற்றைப் பிசைந்தார். ஆனால் அந்தக் கணத்தில் அது வெறும் கார் இல்லை என்றாகிவிட்டது. ஐம்பது வயதுக்குள் ஒரு காரியத்தையாவது முழுதாக முடித்தவன் என்று அவள் கண்ணில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

தோட்டத்து ஃபெக்டரியின் ஃபிட்டர் பழனிமுத்து ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். காரைச் சுற்றி வந்தார், கீழே படுத்தார், எழுந்து முதுகுத் தூசியைத் தட்டினார்.

"ஐயா, துரு எல்லாத்தையும் எடுத்துட்டா காரே இருக்காதுங்க."

"எங்கருந்து தொடங்குறது பழனிமுத்து? எஞ்சினா?"

"எஞ்சின்ல கைய வைக்காதீங்க. மொதல்ல ஹோர்ன அடிக்க வைங்க."

"ஹோர்னயா?"

"எஞ்சின் ரெண்டு வருஷம் எடுக்குங்க. ரெண்டு வருஷம் ஒரு சத்தமும் போடாத சாமானோட மனுசன் எப்பிடிங்க குடும்பம் நடத்துறது?"

மூன்று மாலைகளில் ஹோர்ன் பேசியது. தொண்டை கட்டிய வாத்து மாதிரிச் சத்தம். இஞ்ஞாசி தனக்கு ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். தோட்டத்திலிருந்து வந்து காரில் ஏதாவது ஒரு வேலை செய்தால் மட்டும், ஆறு மணிக்கு ஒரே ஒரு தரம் ஹோர்ன் அடிப்பது. செய்யாத நாளில் அடிப்பதில்லை. தெருவுக்கு இது பழகிவிட்டது. மூலைக் கடை பாப்பம்மா அதைக் கேட்டுத்தான் விளக்கு ஏற்றினாள். ஒருநாள் சத்தம் வராவிட்டால் மறுநாள் பாண் வாங்கும் கியூவில் டொறீனைப் பிடித்துக்கொள்வாள்.

"நேத்து கிளாக்கர் ஐயாவுக்கு என்ன டீச்சர், காய்ச்சலா? இருட்டிலயே மாவு நிறுத்தேன்."

இந்த வெட்கத்துக்காகவே, உடம்பு முடியாத நாளிலும் ஒரு கதவுப் பிடியை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டு ஹோர்ன் அடித்தார். பொய்க்கு அடித்ததே இல்லை.

அடுத்த வருடம் தவக்காலம் தொடங்கும்போது பழனிமுத்துவும் அவரும் பின் அச்சைத் திறந்தார்கள். சக்கரத்தைச் சுற்றவைக்கும் இரும்புத் தண்டு உள்ளே இரண்டாக முறிந்து கிடந்தது. இறக்குமதியை நிறுத்தியிருந்த காலம் அது. கொழும்பில் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு கடைக்காரர், "ஐயா, ஊசியே வராத நாட்டில உலக்கை கேக்குறீங்களே," என்றாராம். இஞ்ஞாசி திரும்பி வந்து காரைப் படங்குத் துணியால் மூடினார். நாற்பது நாளும் ஹோர்ன் கேட்கவில்லை. பாப்பம்மாவும் கேட்பதை விட்டுவிட்டாள். வீட்டில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் அவர் பழைய இரும்பு வியாபாரி அப்துல் ஸமத்தைப் பார்த்துப் பேசிவிட்டார். செவ்வாய்க்கிழமை லொறியோடு வருவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை பங்குச் சாமி தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க வந்திருந்தார். இஞ்ஞாசி அப்போது வேலையில். மாலையில் வந்தபோது படங்கு விலகியிருந்தது, காரின் மூக்கு ஈரமாக இருந்தது.

"சாமி காரையும் மந்திரிச்சிட்டுப் போனாரு," என்றாள் டொறீன். அவரைப் பார்க்காமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு கேட்டா?"

"நான்தான் கேட்டேன்."

"நாளைக்கு ஸமத் நானா லொறியோட வாறாரு, டொறீன்."

"மந்திரிச்ச சாமான விக்கப்படாது. ஒடஞ்ச மாதா சுரூபத்தக்கூட எரிக்கலாம், பொதைக்கலாம். பழைய இரும்புக்குப் போட ஏலாது."

"அப்ப காரப் பொதைச்சிருவமா?"

"கோழிக்கூட்டுப் பக்கத்தில எடம் இருக்கு," என்றாள். அதற்கும் தலை நிமிரவில்லை.

மறுநாள் லொறி வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அப்துல் ஸமத் காரிலிருந்து இரண்டடி பின்னால் போனார்.

"கிளாக்கர், நான் பள்ளிக்கும் பயம், கோயிலுக்கும் பயம். ஓதித் தண்ணி தெளிச்ச சாமான்ல சம்மட்டி வச்சா என் கை வெளங்குமா? வேற யாரையும் பாருங்க. பாக்கவும் மாட்டாங்க, நான் சொல்லிருவேன்."

இஞ்ஞாசிக்குக் கோபம். கைவிடும் உரிமையைக்கூட ஒரு மனிதனிடமிருந்து பறித்துவிடுவதா? அன்று பின்னேரமே மேட்டு வழியாகக் கோயிலுக்கு நடந்தார். சாமி மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சாமி, மந்திரிச்சத திருப்பி எடுக்க ஏலுமா?"

"எந்த வீட்ட இஞ்ஞாசி?"

"வீடில்ல சாமி. காரு."

"எந்தக் காரு?" சாமி வாளியைக் கீழே வைத்தார். "நான் காரு ஒன்னும் பாக்கலயே. ஒங்க வீட்டுப் பக்கம் படங்கு மூடி ஏதோ நின்னுச்சு. கோழிக்கூடுன்னு நெனச்சேன்."

இஞ்ஞாசி கோயிலுக்குள் போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியவில்லை. டொறீன் பொய் பேசத் தெரியாதவள். கூப்பன் கடையில் அரைக் கொத்து அரிசி தவறுதலாகக் கூடிவிட்டால் திரும்ப நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருகிறவள். அவள் வீட்டிலிருந்த தீர்த்தப் போத்தலை எடுத்துப்போய், தனியாக நின்று, துருப்பிடித்த தகரத்தின் மேல் தெளித்திருக்கிறாள். சாமியின் பேரைச் சொல்லிப் பொய் சொல்லியிருக்கிறாள். இந்த மனிதன் இன்னொரு தரம் பாதியில் நிற்பதைப் பார்க்க ஏலாமல்.

காரை விற்கலாம். இப்போது தடுக்க ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு அவள் முகம் எப்படிப் போகும் என்று அவர் நினைத்துப் பார்த்தார். மந்திரித்த தண்ணீருக்குக் கட்டுப்படாதவர் அந்தப் பொய்க்குக் கட்டுப்பட்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ட்டைக் கழற்றினார். பின் கதவின் பிணைச்சல்கள் இரண்டையும் எடுத்துச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டுப் பூட்டினார். ஆறு மணிக்கு ஹோர்ன் அடித்தார். குசினியில் உரல் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது. தெருமுனையில் விளக்கு ஏறியது. எதைப் பற்றியும் அவர் டொறீனிடம் கேட்கவில்லை.

ஓடுமா என்று தெரியாத காரில் அடுத்த ஒன்றரை வருடம் வேலை செய்தார். அதில் ஒரு வகைச் சுதந்திரம் இருந்தது என்று என்னிடம் சொன்னார். ஓட வேண்டும் என்று நினைத்தால் கை தளர்ந்துவிடும்; இன்றைக்கு ஆறு மணிக்கு ஹோர்ன் அடிக்கலாமா என்று மட்டும் நினைத்தால் கை நிற்காது.

முறிந்த தண்டுக்கு வழி காட்டியது அப்துல் ஸமத்தான். மந்திரித்த காரைத் தொடாவிட்டாலும் அதற்கு உதவுவது நன்மை என்று நினைத்தாரோ என்னவோ. வில்கமுவையில் ஒரு விவசாயியின் கை ட்ரக்டர் இழுக்கும் பெட்டிக்கு அடியில் அதே ஒஸ்டினின் பின் அச்சு இருப்பதாகத் தகவல் கொண்டுவந்தார். நாளுக்கு ஒரு பஸ். இஞ்ஞாசி மூன்று தரம் போனார். முதல் தரம் விவசாயி வீட்டில் இல்லை. இரண்டாம் தரம் இருந்தார். வெட்டிய நெல் வீடு வந்து சேரும்வரை அச்சைத் தரமுடியாது என்று சிங்களத்தில் சொல்லி, மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொடுத்து அனுப்பினார். மூன்றாம் தரம், ஸமத் அனுப்பிய வேறொரு அச்சைப் பெட்டிக்கு மாட்டிக் கொடுத்துவிட்டு, கழற்றிய அச்சிலிருந்த தண்டைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

"ஐயா, மடியில இருக்கிற புள்ளைக்கு அரை டிக்கட் எடுக்கணும்," என்றான் கொண்டக்டர்.

"தூங்குது. எழுப்பிராத," என்றார் இஞ்ஞாசி. அவர் பகிடி விட்டதை அன்றுதான் ஊர் முதல்முதலாகக் கேட்டது.

அந்த ஓகஸ்ட் மாதம் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. இருவரும் எட்டு நாள் கோயில் மண்டபத்தில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது முன் கதவு உடைந்து கிடந்தது. கதிரை, அலுமாரி, வயலின் எல்லாம் போயிருந்தன. கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அதன் கீழிருந்த நாலு சக்கரங்களையும் விட்டுப் போயிருந்தார்கள். வெளியே படங்கைக் காணவில்லை. கார் கல்லடுக்கின் மேல் அப்படியே நின்றது. கல்லில் நிற்கிற காருக்கு நெருப்பு வைப்பதும் வீண் என்று நினைத்திருப்பார்கள்.

டொறீன் உடைந்த கதவில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. பிறகு கேட்டாள்:

"ஹோர்ன் அடிக்குதான்னு பாருங்க."

"இன்னைக்கு வேல ஒன்னும் செய்யலயே."

"அப்ப செய்ங்க."

அவர் ஒரு சக்கரத்தை உருட்டி வந்து பூட்டினார். ஆறு மணிக்கு ஹோர்ன் அடித்தது. பாதி வீடுகளில் ஆள் இல்லாத அந்தத் தெருவில் பாப்பம்மா கடையில் விளக்கு ஏறியது.

அதன் பிறகு டொறீனும் காரில் கை வைத்தாள். பாடசாலையில் வைத்திருந்ததால் தப்பிய தையல் மெஷினைக் கொண்டுவந்து, மெத்தைக்குப் போடும் கோடு போட்ட துணியில் சீட்டுகளைத் தைத்தாள். ஓரங்களுக்கு இரட்டைத் தையல். பழனிமுத்து தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்காகவே ஓடணும்ங்க," என்றார்.

ஓடியது. கிறிஸ்து பிறந்த நத்தார் காலைப் பூசைக்கு இருவரும் அதில் போனார்கள். தெருவில் ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். பாப்பம்மா பகலிலேயே விளக்கை ஏற்றிக் கையில் பிடித்திருந்தாள். டொறீன் நீலச் சேலையில், முதுகு சாயாமல், நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேட்டில் கியர் மாற்றும்போது கார் ஒரு தரம் குலுங்கியது. அவள் முகம் குலுங்கவில்லை. அப்படி ஒரு பெருமையை அதற்கு முன் அவளிடம் தான் கண்டதில்லை என்றார் இஞ்ஞாசி.

பூசை முடிந்து சாமி வெளியே வந்தார். காரைச் சுற்றிக் கூட்டம். சாமி பொனெட்டில் கை வைத்துச் சிரித்தார்.

"இஞ்ஞாசி, இதுதானா அது? படங்கு மூடி நின்னப்ப நான் கோழிக்..."

டொறீனின் விரல்கள் கைப்பையின் வாரைப் பிடித்தன. இஞ்ஞாசி உள்ளே கை நீட்டி ஹோர்னை அழுத்தினார். விடாமல் அழுத்தினார். மாமரத்துக் காகமெல்லாம் எழும்பிப் பறந்தன. சாமியின் உதடு அசைவது தெரிந்தது; சத்தம் வரவில்லை. சாமி இஞ்ஞாசியைப் பார்த்தார், டொறீனைப் பார்த்தார். பிறகு பேச்சை விட்டுவிட்டுத் தீர்த்தம் கொண்டுவரச் சொன்னார்.

"திரும்பவுமா சாமி?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"நல்ல சாமானுக்கு ரெண்டு தரம் தெளிக்கலாம்," என்றார் சாமி.

காரிலேயே வீடு திரும்பினார்கள். வாசலில் இறங்கும்போது டொறீன், "இன்னைக்கு ஆறு மணிக்கு அடிப்பீங்களா?" என்று கேட்டாள்.

"வேல முடிஞ்சிருச்சே," என்றார் இஞ்ஞாசி.

அவள் வீட்டின் பின்பக்கம் பார்த்தாள். "பின்னால கூட்டுக்கு வலை அடிக்கணும்," என்றாள்.

பழனிமுத்து குடும்பத்தோடு எண்பத்தோராம் ஆண்டு இந்தியாவுக்குப் போனார்; கூடலூரிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. சாமி மன்னாருக்கு மாற்றலாகி அங்கேயே காலமானார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் இஞ்ஞாசியின் வீடு எரிந்தது. கார் அன்று பிரேக் வேலைக்காக அப்துல் ஸமத்தின் முற்றத்தில் இரும்புக் குவியலுக்குப் பின்னால் நின்றதால் தப்பியது. ஸமத் தொண்ணூற்றிரண்டில் இறந்தார். பாப்பம்மாவின் கடையை அவள் மருமகள் நடத்துகிறாள். டொறீன் தொண்ணூற்றெட்டில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவால் இறந்தாள். அந்தப் பொய்யை அவர் அறிந்திருந்தார் என்பதை அவள் அறியவில்லை. இஞ்ஞாசி இரண்டாயிரத்து ஆறு வரை இருந்தார், கடைசி வரை கோழி வளர்த்தார். கார் டொறீனின் தங்கை மகனிடம் மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் இருக்கிறது, ஓடுகிறது.