குழு என்றால் குறைந்தது இருவர்

1.

இந்தக் கதை என் மைத்துனியிடமிருந்து கறந்தது. எல்லையோரப் பகுதிக்குப் போக விரும்பும் வெளிநாட்டவருக்கு அனுமதி வாங்கித் தருவது அவள் தொழில். டயர் கடைக்கு மேலே ஓர் அறை, மூச்சு வாங்கிக்கொண்டே அச்சடிக்கும் ஒரு பிரிண்டர், அவ்வளவுதான் அலுவலகம். மேலே இருக்கும் மலைப்பகுதிக்குள் வெளிநாட்டவர் யாரும் தனியாகப் போக முடியாது. குழுவாகத்தான் போகவேண்டும், குழு என்றால் குறைந்தது இருவர். சேர்ந்தே உள்ளே போய், சேர்ந்தே வெளியே வரவேண்டும். ஒற்றை ஆளாக வந்து நிற்பவருக்குத் துணை தேடிக் கொடுக்கும் வேலையும் அவள் தலையில்தான் விழும்.

"கல்யாணத் தரகு மாதிரிதான். என்ன, பொருத்தம் பாக்கத்தான் நேரம் இருக்காது" என்பாள்.

அப்படி அவள் சேர்த்துவைத்த ஒரு ஜோடியைப் பற்றிச் சாப்பிடும்போது சொன்னாள். சொல்லி முடித்ததும், "எழுதிடாதீங்க மாமா" என்றாள். அதற்குள் நான் மனசுக்குள் இரண்டு பத்தி எழுதியிருந்தேன்.

2.

முதல் தொடக்கம்: "மலை அவளை அழைத்தது." அடித்துவிட்டேன். மலை யாரையும் அழைக்காது. அழைத்தவன் தம்பி, அதுவும் போனில்.

இரண்டாவது தொடக்கம்: "பிறந்த ஊருக்கே அனுமதி கேட்டு நிற்கும் பெண்ணின் கண்களில்..." கண்களில் ஒன்றும் இல்லை. மைத்துனி சொன்னபடி பார்த்தால், அந்தம்மா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். அவளை அக்கா என்று வைத்துக்கொள்வோம், தம்பி அப்படித்தான் கூப்பிடுவான். அந்த மலையில் பிறந்து, கடலோர நாடொன்றில் வேலைக்குப் போய், அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிக்கொண்டவள். தம்பி மலையிலேயே தங்கிவிட்டான். முதல் கல்யாணம் முறிந்து, ஐம்பதை நெருங்கும்போது இரண்டாவது கல்யாணத்துக்குத் தேதி குறித்தான். பதிவு அலுவலகத்தில் சின்னக் கல்யாணம். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள்.

"நம்ம வீட்டுப் பக்கம் ஒருத்தராவது நிக்கணும்க்கா. நீ மட்டும் வா, போதும்" என்றான்.

"வராம எங்க போவேன்?" என்றாள் அக்கா. வெளிநாட்டவர் விதி தன்னையும் கட்டும் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

3.

மைத்துனி தேடிப் பிடித்த துணை, அக்கா குடியேறிய அதே நாட்டுக்காரர். பாசிகளை ஆராய்பவர். அந்த மலையில் மட்டும் வளரும் ஏதோ ஒரு பாசிக்காக நான்கு வருட விடுப்பைச் சேர்த்துவைத்து வந்திருந்தார்.

(அவர் பேசியது அவருடைய மொழியில். நான் தமிழாக்கியதும் எதிர்வீட்டுக்காரர் மாதிரி ஆகிவிட்டார். போகட்டும்.)

அவர் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. பாசிக்காக ஒரு மனுஷன் இவ்வளவு தூரம் வருவானா? பறவை என்று மாற்றி எழுதினேன். மைத்துனி படித்துவிட்டு, "பாசியேதான். பொய் சொல்லணும்னா நல்ல பொய்யா சொல்ல மாட்டேனா?" என்றாள். பாசியைத் திரும்ப வைத்துவிட்டேன்.

ஜீப்பில் ஏறும்போதே பாசிக்காரர் உயரத்துக்கான மாத்திரையை எடுத்து நீட்டினார். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும், முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் இந்தக் காத்துல பொறந்தவ. நீங்க போட்டுக்குங்க" என்றாள். வழி நெடுக எந்த வளைவில் எந்த ஓடை வரும் என்று முன்கூட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி சரியாக இருந்தது.

4.

சோதனைச் சாவடிக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு மண்டை பிளந்தது. வண்டியிலிருந்து இறங்கினாள், கால் தரையில் பாவவில்லை. சாவடி மருத்துவர் இளம்பெண். அக்காவின் விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, உடனே கீழே இறங்கவேண்டும் என்றாள். அக்கா மன்றாடினாள், அதட்டினாள், இது என் ஊர் என்றாள்.

"ஊர் உங்களோடதுதான்மா. நுரையீரல் இப்ப கீழ இருக்கிற ஊரோடது" என்றாள் மருத்துவர்.

ஒருவர் இறங்கினால் இருவரும் இறங்கவேண்டும். அனுமதியோ ஒரே ஒருமுறை நுழையத்தான்.

என் முதல் பிரதியில் இந்த இடத்தில் பாசிக்காரர் பெருந்தன்மையாகச் சிரித்தார். நான்கு வருட விடுப்பைத் தொலைத்தவன் சிரிப்பானா? கிழித்துப்போட்டேன். நடந்தது இது: அவர் அக்காவின் பையைத் தூக்கி வண்டியில் வைத்தார்.

"மாத்திரையைப் போட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அவர் கத்தியிருந்தால் அக்காவும் கத்தியிருப்பாள். அவர் கத்தவில்லை. பிராணவாயுக் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு இறங்கும் வழியில், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒருமுறை சொன்னாள். அவர் தலையாட்டினார். அது மன்னிப்பா, வண்டியின் குலுக்கலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

5.

இங்கே எனக்கு ஓர் அழகான முடிவு தோன்றியது. தம்பி மணப்பெண்ணோடு மலையிறங்கி வருகிறான், அடிவார மருத்துவமனையில் அக்காவின் கட்டிலருகே மாலை மாற்றி... நிறுத்திக்கொண்டேன். பதிவாளர் மேலே இருக்கிறார், தேதி அவர் கொடுத்த தேதி. கல்யாணம் குறித்தபடி மறுநாள் காலை நடந்தது. மாப்பிள்ளை பக்கம் யாரும் நிற்கவில்லை.

அன்று மதியம் தம்பி கூப்பிட்டான். திட்டுவான் என்று காத்திருந்தாள்.

"மூச்சு சரியாயிடுச்சா?" என்றான்.

"ம்."

"மூச்சு இருந்தாத்தானேக்கா அப்புறம் சண்டை போட முடியும்."

சொல்லிவிட்டு போனைப் புதுப்பெண்ணிடம் கொடுத்துவிட்டான். அவள், வீட்டில் அக்காவுக்காகப் போட்டுவைத்த படுக்கையை இன்னும் எடுக்கவில்லை என்றாள். அக்கா கறுப்புக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள் என்று எழுதியிருந்தேன். அதுவும் என் கைச்சரக்குதான். அவள் வெறுமனே அழுதாள்.

6.

மறுநாளே மைத்துனிக்கு அக்கா போன் போட்டாள்: புதிதாக அனுமதி வேண்டும். நன்றாக ஓய்வெடுத்து, மாத்திரை போட்டுக்கொண்டு, வழியில் தங்கித் தங்கி ஏறினால் போகலாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். துணைக்குத்தான் ஆள் இல்லை. அடுத்த வாரம் இரண்டு புகைப்படக்காரர்கள் போகிறார்கள். நடந்ததைக் கேள்விப்பட்டு, அந்தம்மாவை மட்டும் சேர்க்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பாசிக்காரர் என்றால் அவர்களுக்குச் சம்மதம்.

மைத்துனி பாசிக்காரரை வரவழைத்து இரண்டையும் ஒளிக்காமல் சொன்னாள். படக்காரர்களோடு போனால் பாசி நிச்சயம். அக்காவோடு என்றால் எதுவும் நிச்சயமில்லை. மிச்சமிருக்கும் விடுப்புக்கு ஒன்றில்தான் கையெழுத்துப் போடமுடியும்.

அவர் பேனாவை எடுத்தார், வைத்தார்.

"தம்பி கல்யாணந்தான் முடிஞ்சிடுச்சே. இனிமே அவங்க எதுக்குப் போகணும்?"

"எனக்கென்ன தெரியும்? அவங்ககிட்டயே கேளுங்க" என்று எண்ணைக் கொடுத்தாள் மைத்துனி.

அவர் போனை எடுத்து எண்ணை அழுத்தினார்.

7.

அக்கா என்ன பதில் சொன்னாள், அவர் எதில் கையெழுத்துப் போட்டார் என்று எனக்குத் தெரியும். எழுதியும் பார்த்தேன். நன்றாகவே வந்திருந்தது, அதனால்தான் எடுத்துவிட்டேன். என் வாக்கியத்தைக் கேட்டு ஒருவர் தன் நான்கு வருடத்தை விட்டுக்கொடுத்தால், அது நான் சாமர்த்தியமாகப் பேசியதால் நடந்ததாகிவிடும். எழுத்தாளனுக்கு அந்த வேலை கூடாது. தவிர, போகும் காரணத்தைச் சொல்லவேண்டியவர் இந்தக் கதையைப் படிக்கிற, இதுவரை அந்த மலை ஏறாத ஒருவராக இருக்கட்டுமே என்று தோன்றியது.

போன் மணி அடிக்கிறது. அந்தப் பக்கம் பாசிக்காரர் காத்திருக்கிறார். இந்தப் பக்கம் அக்காவுக்குப் பதிலாக அவள் கட்டிலில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எடுத்துப் பேசுங்கள்.