கொப்போடு ஒரு சவுக்கு

அடிமரம் என் வீட்டுக்காரர் தோளில், நுனி என் தோளில், நடுவே சவுக்கு மரத்தின் கொப்புகள் மணலைப் பெருக்கிக்கொண்டே வருகின்றன, திரும்பிப் பார்த்தால் நாங்கள் நடந்து வந்த சுவடே இல்லை, கொஞ்சம் மெதுவா போங்க, எனக்கு மூச்சு வாங்குது என்கிறேன், அவர் காதில் விழுந்ததா இல்லையா தெரியவில்லை, முப்பது வருஷமாகவே அப்படித்தான், கடல் இரைச்சலில் நின்று நின்று பாதிக் காது போய்விட்டது, மீதிக் காதைத் தனக்கு வேண்டியதைக் கேட்க மட்டும் வைத்திருக்கிறார். மரம் எடுக்கப் போவோம் என்று காலையில் சொன்னதும் அவர்தான், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அரிவாளைத் தேடினார், ஒரு வருஷமாக இந்த மனிதர் எதையும் தேடி நான் பார்க்கவில்லை, சோறு வைத்தால் தின்பார், வைக்காவிட்டால் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பார், அதனால் எதுக்கு மரம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அடுப்பில் கிடந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டு அவர் பின்னால் நடந்துவிட்டேன்.

எங்கள் கரையில் சாவு விழுந்த வீட்டில் அடக்கமும் வருஷப் பூசையும் முடிகிறவரைக்கும் கிறிஸ்துமசுக்கு ஸ்டார் கட்டமாட்டார்கள், குடில் ஜோடிக்கமாட்டார்கள், மரம் வைக்கமாட்டார்கள், தெருவில் போகிறவர்கள் அந்த இருட்டைப் பார்த்தே கேத வீடு என்று தெரிந்துகொண்டு பேச்சைத் தாழ்த்திக்கொள்வார்கள். போன கார்த்திகைப் புயலில் என் மகன் செலஸ்டின் போன வள்ளம் திரும்பவில்லை, அவனையும் சேர்த்து நாலு பேர், அந்தக் கிறிஸ்துமசுக்கு ஊரே இருட்டாகக் கிடந்தது, கூரை போனவர்களும் படகு போனவர்களும் எங்கே போய் ஸ்டார் கட்டுவார்கள், அதனால் எங்கள் வீட்டு இருட்டை யாரும் தனியாகப் பார்க்கவில்லை. இந்த வருஷம் அப்படி இல்லை, வீட்டுக்கு வீடு சிவப்பும் பச்சையுமாக மினுக்குகிறது, அந்த நாலு வீடு மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி தெரிகிறது. பங்குச்சாமியார் வந்தார், நல்ல மனுஷன்தான், நாலு பேருக்கும் சேர்த்து அடக்கப் பூசை வச்சிருவோம்மா, ஆத்துமா இளைப்பாறட்டும் என்றார், உடம்பு வரட்டும் சாமி, பொறவு ஆத்துமாவப் பாப்போம் என்று நான் சொன்ன சொல்லில் அவர் வாங்கிய காப்பியைக் குடிக்காமல் எழுந்துவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை, அந்தப் பூசையின் மேல்தான் கோபம், கரை ஒதுங்காத பிள்ளையை வெறும் பெட்டியில் வைத்து மூடச் சொல்கிறார்கள், உயிரோடு இருக்கிறவனுக்கு மூச்சு முட்டாதா. இவர் இன்றைக்கு வழியில்தான் சொன்னார், இருட்டாப் போட்டா கேத வீடுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ட்டி, நாம மரம் வைப்போம். எனக்கு அந்த நிமிஷம் அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது.

சவுக்குத் தோப்புக்குள் வெயில் இறங்கவில்லை, காற்று மட்டும் உஸ் உஸ் என்று போய்க்கொண்டிருந்தது, காவலுக்கு இருந்தவர் எங்கள் இருவரையும் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டு மிதித்தார், பந்தலுக்கா தொம்மை, எத்தன கால் வேணும், கொப்பு செதுக்கின கம்பே கெடக்கு என்று இவரிடம் குரலை இறக்கிக் கேட்டார், கேத வீட்டு வாசலில் போடுகிற பந்தலைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று, வாயில் வந்ததைக் கொட்டியிருப்பேன், இவர் முந்திக்கொண்டார், கம்பு வேண்டாம், கொப்போட ஒரு மரம் குடு, கிறிஸ்துமசுக்கு. காவல்காரர் உள்ளே கையைக் காட்டினார். எந்த மரம் என்று நாங்கள் சண்டை போட்டோம், ஆமாம், சண்டையேதான், இது வளைஞ்சிருக்கு, அது மொட்டையா இருக்கு, அவனுக்கு உச்சியில கூர்மையா இருக்கணும், ஸ்டார் குத்தணும்லா, ஒங்களுக்கு என்ன தெரியும், என்னைக்கு மரம் எடுக்க வந்திய, என்று நான் கத்துகிறேன், அவர் சிரித்தார், கடைவாயில் ஒரு சின்னச் சிரிப்பு, அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை முட்டியது.

மரம் எடுப்பது செலஸ்டின் வேலை, ஏழு வயதில் அப்பாவுக்குத் தெரியாமல் தொடங்கியது, தலையைவிட உயரமான கொப்பை இழுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறான், முகமெல்லாம் கீறல், பெயின்ட் வாளியில் மணலைப் போட்டு நட்டு வைக்கிறான், பஞ்சு குடும்மா, பனி போடணும் என்கிறான், எங்கள் ஊரில் பனிக்கட்டியைப் பார்த்தவர்கள் ஐஸ் பெட்டியில் மீனோடு பார்த்ததுதான், அந்தப் பனியப் போடுடா, அயிலயையும் நாலு தொங்கவிடு என்கிறேன், அவன் கோபித்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான், கொப்புகளை விலக்கிப் பார்க்கிறேன், அங்கே இருபத்தாறு வயதுத் தாடியோடு உட்கார்ந்திருக்கிறான், சட்டை நனைந்து ஒட்டியிருக்கிறது, பசிக்கும்மா என்கிறான், இது நடந்ததா, நான் கண்ட கனவா, கனவென்றால் எத்தனையாவது தரம், அவன் தலை துவட்ட முந்தானையை எடுக்கும்போதே எப்போதும் விழிப்பு வந்துவிடும். இப்போதும் அப்படித்தான், ஏட்டி, தெரு வந்துட்டு, நிமிந்து நட என்று இவர் சொன்னதும்தான் தோளில் மரம் இருப்பதே தெரிகிறது.

நிமிர்ந்துதான் நடந்தேன், பார்க்கட்டும் என்று நடந்தேன், என் வீடு கேத வீடு இல்லை என்று ஊர் பார்க்கட்டும். முதலில் பார்த்தது குழாயடியில் நின்ற ரெஜினா, குடத்தை அப்படியே விட்டுவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள், அப்புறம் ஒரு கதவு, இன்னொரு கதவு, யாரோ மாதாவே என்று கத்தினார்கள், இவர் திரும்பி என்னைப் பார்த்தார், எனக்கும் புரியவில்லை, சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி இவர் கையைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கரையில மாமா, நம்பர் குடுத்தாவளா, பேசினானா என்று கேட்கிறார், கேட்டவர் பதிலுக்கு நிற்காமல் கோயிலைப் பார்த்து ஓடுகிறார், அப்போதுதான் எனக்கு விளங்கியது, கேத வீட்டுக்கு மரம் போகாது, மரம் போகிறது, அப்படியானால் அவன் உயிரோடு கிடைத்துவிட்டான், ஊர் அப்படித்தான் படித்துவிட்டது, வேறு எப்படிப் படிக்கும், நாங்கள் அதற்காகத்தானே தூக்கிவந்தோம். இல்ல இல்ல என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், அதற்குள் கோயில் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது, காணாமல் போனவர்கள் கரை சேர்ந்தால் அடிக்கிற மணி, சாவுக்கு அடிப்பது மாதிரி விட்டு விட்டு இல்லை, விடாமல் அடிக்கிற மணி.

மணிச் சத்தத்தோடு விண்ணரசி ஓடி வருகிறாள், செலஸ்டினோடு அதே வள்ளத்தில் போன ததேயுவின் பெண்டாட்டி, தலைமுடி அவிழ்ந்து தொங்குகிறது, இடுப்பில் பிள்ளை, அப்பன் போய் நாலு மாதம் கழித்துப் பிறந்த பிள்ளை, இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, அவிய வந்துதான் பேரு வைக்கணும் என்று யார் சொல்லியும் கேட்காமல் இருக்கிறாள், அவள் அம்மா திட்டும்போதெல்லாம், செலஸ்டின் அம்மா நம்புதாவல்லா, நானும் நம்புதேன் என்பாளாம், அதைக் கேட்டு எனக்கு ஒரு பெருமை கூட இருந்தது, ஐயோ, பெருமை. மரத்தின் கொப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மூச்சு இரைக்கிறது, சிரிக்கிறாள், அழுகிறாள், மாமி, அவியளும் கூடத்தான வாறாவ, ஒண்ணாத்தான போனாவ, எப்ப மாமி வாறாவ, கோயில்ல சொல்லிரட்டா, ஞாயித்துக்கிழமையே பேரு வச்சிரலாம்லா.

பிள்ளை என் முகத்தைப் பார்த்து ஈறு தெரியச் சிரித்தது. இன்னும் தகவல் இல்ல மக்கா, வருவாவ, பொறு என்று ஒரு வருஷமாகச் சொன்னதையே இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம், அந்தச் சொல் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது, சொன்னால் இந்தப் பிள்ளை அடுத்த கிறிஸ்துமசுக்கும் பேரில்லாமல் கிடக்கும், அதற்கடுத்த கிறிஸ்துமசுக்கும் கிடக்கும், ஏ செல்லம், ஏ தங்கம் என்று எல்லாரும் கூப்பிட்டுக்கொண்டே வளரும். மணி நிற்கவில்லை. மரத்தைத் தோளிலிருந்து இறக்கினேன், முன்னால் பாரம் இழுத்து இவர் தடுமாறித் திரும்பினார், அவர் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது என்று பிள்ளையையே பார்த்துக்கொண்டு சொன்னேன், நீயே வச்சிரு மக்கா, ஒம் புள்ளைக்கு நீயே பேரு வச்சிரு, அவிய யாரும் இனி வரமாட்டாவ.