சந்தனசாமியின் போர்த்துக்கீசியம்

ஆவூர் சந்தனசாமிக்குப் போர்த்துக்கீசியம் தெரியும் என்று வெகுகாலமாகச் சொல்லிவந்தவர் சந்தனசாமி ஒருவரே. இளவட்டத்தில் கோவாவில் ஒரு பாதிரியார் வீட்டில் சமையல் பார்த்தவர். ஊரில் வேறு யாருக்கும் அந்தப் பாஷை தெரியாததால் ஒருவராலும் மறுக்க முடியவில்லை, ஒருவரும் நம்பவுமில்லை.

"நீங்க பேசுறது போர்த்துக்கீசியந்தான்னு நம்ம வீட்டுக் கோழிதான் சாட்சி சொல்லணும்" என்பாள் மனைவி ஆரோக்கியம்மாள்.

1952-இல் அதை நிரூபிக்க வழி பிறந்தது. ஆலங்குடியில் முந்திரி மண்டி வைத்திருந்த ஆத்மநாதனுக்குக் கடிதம் வந்தது. பருப்பு வாங்க கோவாவிலிருந்து ஒரு போர்த்துக்கீசிய துரை வருகிறார். இங்கிலீஷிலிருந்து போர்த்துக்கீசியத்தில் மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும். திருச்சியில் அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. மதராஸில் கிடைத்தவர் கேட்ட கூலிக்கு, துரையையே தமிழ் படிக்க வைத்துவிடலாம். கடைசியில் ஆவூருக்கு ஆள் வந்தது.

சந்தனசாமி கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். மானம் போகிற நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டுமே என்று ஆரோக்கியம்மாளும் ஏறினாள்.

மண்டியில் ஏற்பாடு பலமாக இருந்தது. ஆத்மநாதன் தமிழில் சொல்வார், பி.ஏ. படிக்கும் மகன் நாகராசு அதை இங்கிலீஷாக்குவான். கடிதத்தில் இங்கிலீஷ் என்று போட்டிருந்ததே! சந்தனசாமிக்கு இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. அவர் தமிழைக் காதில் வாங்கிக்கொண்டு, இங்கிலீஷ் முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்து, பிறகு போர்த்துக்கீசியத்தில் சொன்னார்.

துரை தலையை ஆட்டினார். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். வெள்ளைக்காரன் எதற்கும்தான் தலையாட்டுவான்.

"அம்புட்டும் இந்த வருசத்துச் சரக்குன்னு சொல்லுடா" என்றார் ஆத்மநாதன். நாகராசு சொன்னான்.

பின்வரிசை மூட்டைகள் போன வருஷத்தவை. ஆத்மநாதனே அதைச் சந்தனசாமியின் காதில் ஓதி, வெளியே விடவேண்டாம் என்றிருந்தார். தமிழில் என்றால் சந்தனசாமி யோசித்தே இருக்கமாட்டார். ஆனால் போர்த்துக்கீசியத்தில் அவர் பேசியதெல்லாம் அடுப்படியில் உப்பு புளி, அதைவிட்டால் பாதிரியாரிடம் செய்த பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம். அந்தப் பாஷையில் பொய் சொல்லி நாக்குக்குப் பழக்கமில்லை.

கையை ஆட்டாமல், முகத்தைத் திருப்பாமல், உள்ளதைச் சொன்னார்.

துரை எழுந்தார். நேரே பின்வரிசைக்குப் போய் ஒரு மூட்டையைப் பிரித்து, ஒரு பருப்பைக் கடித்துத் துப்பினார். முன்வரிசை மட்டும் போதும் என்று கைகாட்டினார்.

"யோவ், பின்னாடி கெடக்கறது பழசுன்னு சொல்லிப்புட்டியா?"

"சொல்லிட்டேன் மொதலாளி."

"எவன்யா ஒன்னையச் சொல்லச் சொன்னது?"

ஆத்மநாதன் போட்ட சத்தத்தில் எதிரே பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. ஆரோக்கியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏங்க மொதலாளி, இவரு சொன்னது தொரைக்கு வெளங்கிருச்சுங்களா?"

"வெளங்கிருச்சாவா? ஒரு சொல்லு விடாம வெளங்கிருச்சும்மா! என் பொழப்பக் கெடுத்துப்புட்டாரு!"

"போர்த்துக்கீசியத்துலதானே சொன்னாரு?"

"பின்ன என்ன தமிழ்லயா சொன்னாரு?"

ஆரோக்கியம்மாள் புருஷனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். பெண் பார்க்க வந்த அன்றுகூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

சந்தனசாமி நெஞ்சு நிமிர்த்திக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"மொதலாளிய இன்னொருக்காச் சத்தமாச் சொல்லச் சொல்லு ஆரோக்கியம்," என்றார். "அங்கிட்டு பஸ்ஸுக்குள்ள நம்மூரு ஆளுக உக்காந்திருக்காக."