ராணிக்கு ஒரு கை உப்பு

"எங்குதிரைக்கு என்னா போட்ட, சொல்லு! சொல்லாம இந்த எடத்த உட்டு நவுர மாட்டேன்!"

"என்னாத்தப் போட்டேன்? பிரியாணி ஆக்கிப் போட்டேனா? போய்யா, போயி மாட்டாஸ்பத்திரில கேளு!"

"கேட்டுட்டுத்தாம்மா வர்றேன். உப்புத் தண்ணியக் குடிச்சிக் கொடலு வெந்து செத்துருக்குதுன்னு சொல்றாரு டாக்டரு. உப்புத் தண்ணிய அது எதுக்குக் குடிக்குது? நல்ல தண்ணி காட்டித்தான உங்கிட்ட உட்டுட்டுப் போவேன்?"

நேற்றுவரை ஆரோக்கியராஜ் தையல்நாயகியை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டான். இன்று 'அம்மா'வாகி, குரல் ஏற ஏற 'அடியே'வுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள் குழம்பை இறக்கக்கூட நேரமில்லாமல் ஓடிவந்திருந்தாள். தீய்ந்த வாசனையும் அவள் பின்னாலேயே வந்து சேர்ந்தது. சண்டைக்கு நடுவில், தையல்நாயகியின் இடுப்பில், ஐந்து வயது செந்தமிழ் விரல் சூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பிள்ளை தரையில் கால் வைத்து ஐந்து மாதம் ஆகிறது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை தையல்நாயகி மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தாள். மணல் ஒட்டுகிறதென்று சிணுங்கிய செந்தமிழ் இடுப்பில். பெரியவன் சதீஷ் கையைப் பிடித்து நடந்து வந்தான். தண்ணீர் வந்து போனபோது இடுப்பில் இருந்தது மிஞ்சியது, நடந்து வந்தது போய்விட்டது. அன்றைக்கு ஏறிய பிள்ளை பிறகு இறங்கவே இல்லை. இறக்கினால் காலை மடக்கிக்கொண்டு வீறிடும். காலில் ஒரு கோளாறும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். நிவாரண முகாமுக்கு ஆறுதல் சொல்ல வந்த கண்ணாடி போட்ட பெண்தான், "எதுலயாவது ஆசை வந்தா தானா இறங்கிடுவா. அந்த ஆசைய உடாமப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜீப்பில் போகிறவர்களுக்குச் சொல்வதற்கென்ன?

ஆசை வந்தது ராணியின் மேல். ராணி, ஆரோக்கியராஜின் மட்டக்குதிரை. பாண்டிச்சேரி பீச்சில் பிள்ளைகளை ஏற்றிச் சம்பாதித்துக்கொண்டிருந்தது. கடலைப் பார்த்தாலே சனம் ஓடுகிற காலத்தில் குதிரை ஏற யார் வருவார்கள்? அது ஊருக்குத் திரும்பி உப்பளத்து ஓரத்தில் கோரைப்புல் கடித்துக்கொண்டு நின்றது. ஒருநாள் செந்தமிழ் கையை நீட்டினாள். தூக்கி முதுகில் வைத்தான் ஆரோக்கியராஜ். பிள்ளை சிரித்தது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த தையல்நாயகி வாருபலகையைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவன் குதிரையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கொத்து வேலைக்குப் போவான். சாயங்காலம் வந்து பிடித்துக்கொள்வான். அவனுக்கு இவள் ஒரு தூக்கில் கூழ் கொடுத்தாள். 'கூழு குதிரைக்கா, குதிரைக்காரனுக்கா' என்று தெரு அதையும் விட்டுவைக்கவில்லை. தையல்நாயகியின் புருசன் கன்னியப்பன் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. மகன் போனதிலிருந்தே அவன் எதையும் கேட்பதில்லை.

பன்னிரண்டாம் நாள் செந்தமிழ் குதிரை மேலிருந்தபடி, "போதும்மா, தூக்கு" என்றாள். இதுவும் சலித்துப்போனால் பிள்ளை இடுப்போடே வளர்ந்துவிடும். தையல்நாயகி குதிரைக்குப் பூ வைத்தாள், மணி கட்டினாள். ரெண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அப்புறம்தான் செந்தமிழின் கையில் ஒட்டியிருந்த உப்பை ராணி நக்கியது. நாக்கு சொரசொரத்ததும் பிள்ளை கெக்கலித்தது. "இன்னும் குடு, இன்னும் குடு!" உப்புக்கா பஞ்சம்? அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. காலையில் நாலு கை, மதியம் நாலு கை. உப்பு போடுகிறவர்களுக்கு உப்பால் ஒரு உயிருக்குக் கெடுதல் வரும் என்று எப்படித் தோன்றும்?

சித்திரை வெயில். மதியத்துக்குள் ராணி தாகத்தில் தவித்தது. நல்ல தண்ணீர் ஒன்றரை மைல் தூரத்தில், ஆளுக்கு ஒரு குடம். ஒருநாள் அது பாத்தித் தண்ணீரில் வாய் வைப்பதைத் தையல்நாயகி பார்த்தாள். ஓடிப்போய்த் தலையை இழுத்தாள். மறுநாள் சாணி தண்ணீராகப் போனது. அதற்கடுத்த நாள் பின்னங்கால் தடுமாறியது. ஆரோக்கியராஜிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் குதிரையை அனுப்ப மாட்டான். செந்தமிழோ அப்போதுதான் குதிரையின் முதுகிலிருந்து ஒரு காலைத் தொங்கவிட்டு பக்கத்து உப்புக் குவியலைப் பெருவிரலால் தொட ஆரம்பித்திருந்தாள். இன்னும் நாலு நாள், நாலே நாள் என்று சாணியை மண்ணைத் தள்ளி மூடினாள். அந்த நாலு நாளை ராணி கொடுக்கவில்லை. இன்று விடியற்காலையில் ஆரோக்கியராஜின் கொட்டகையில் விறைத்துக் கிடந்தது.

"எம்புள்ள மேல சத்தியமா நான் ஒண்ணும் குடுக்கல" என்றாள் தையல்நாயகி.

"எந்தப் புள்ள மேல?" என்றாள் கொளஞ்சியம்மாள். அவள் வாய் அப்படி.

அந்த நேரம் பார்த்துச் செந்தமிழ் வாயிலிருந்த விரலை எடுத்தாள். "உப்பு குடுத்தோமே. கை நெறையக் குடுத்தோம். ராணி ஆயி போச்சி, அம்மா மண்ணப் போட்டு மூடிச்சி."

ஆரோக்கியராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். தையல்நாயகிக்கு என்ன வந்ததோ, இடுப்பில் இருந்ததைப் பிய்த்து எடுத்து, கூடையைக் கொட்டுவதுபோலத் தரையில் வீசினாள்.

பிள்ளை விழவில்லை. நின்றது. ரெண்டு சூம்பிய கால்கள், முட்டி நடுங்க. "இறங்கிட்டாடி! தையலு, உம்மவ நிக்கிறாடி!" என்று கத்தினாள் கொளஞ்சியம்மாள். தையல்நாயகி ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள். செந்தமிழ் திரும்பி, தத்தித் தத்தி, எதிர்ப்பக்கம் ஓடினாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த கன்னியப்பனின் காலைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள்.

அந்தக் கோடையோடு ஆரோக்கியராஜ் ஊரைவிட்டுப் போனான். பொம்மையார்பாளையத்தில் மேரிசெல்வி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே கொத்து வேலை பார்க்கிறான். அம்மா கிட்டே வந்தாலே பிள்ளை வீறிட்டதால், கன்னியப்பன் மகளைத் திண்டிவனத்தில் தன் தங்கை சங்கீதா வீட்டில் விட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தான். ஒரு மாசத்துக்கு என்றுதான் பேச்சு. வருசம் திரும்பிவிட்டது.

தையல்நாயகி மாசத்துக்கொரு ஞாயிறு பஸ் ஏறிப் போய்வருகிறாள். திரும்புகையில் சங்கீதா வற்புறுத்தி, செந்தமிழையும் பஸ் ஸ்டாண்டுவரை கூட அனுப்புவாள். பிள்ளை நன்றாகவே நடக்கிறது. ஆனால் கையைக் கொடுப்பதில்லை. பத்தடி முன்னால்தான் போகிறது. தையல்நாயகி எட்டி நடை போட்டால் அதுவும் எட்டி நடக்கிறது. இவள் நின்றால், திரும்பிப் பார்க்காமல், அதுவும் நிற்கிறது.